பழைய பேஸ் கிட்டார் தேஞ்சு போயிருக்கா? எதைச் சரி பண்ணணும், எதைத் தொடவே கூடாதுன்னு அறிகுறி பார்த்து முடிவு பண்ற வழி

1960, 70-கள்ல வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் ஒண்ணு தேஞ்சு, துருப்பிடிச்சு, பாதி சத்தத்தோட கைக்கு வந்தா என்ன பண்ணணும்னு எழுதறேன். அதே ஃபெண்டரோட ஜாஸ் பேஸ் மாடலுக்கும் இதுல முக்கால்வாசி அப்படியே பொருந்தும், கிப்சன், ரிக்கன்பேக்கர் வச்சிருக்கறவங்களுக்கு எங்க மாறுதோ அங்க சொல்லிடறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க: திரும்ப பழையபடி ஆக்க முடியற வேலையை முதல்ல பண்ணுங்க, மரத்தைக் குடையறது, பெயின்ட்டை உரிக்கறது மாதிரி திரும்பவே முடியாத வேலையை கடைசிக்குத் தள்ளுங்க. நிறைய பேஸ்ல அந்தக் கடைசி வேலைக்குத் தேவையே வராது, அதுக்கு முன்னாடியே அது நல்லா பாட ஆரம்பிச்சிடும்.

ஸ்க்ரூடிரைவர் எடுத்ததும் முதல் வேலை: இது என்ன பேஸ்?

கம்பியெல்லாம் லூஸ் பண்ணிட்டு நெக்கை (விரல் வச்சு வாசிக்கற நீளமான கழுத்துப் பகுதி) கழட்டுங்க. நெக்கோட அடிப்பக்கத்துல தேதி இருக்கும், 1962 ஆரம்பம் வரைக்கும் பென்சில்ல எழுதினது, அதுக்கப்புறம் ரப்பர் ஸ்டாம்ப். அடுத்து பிக்கார்டை (பாடி மேல திருகியிருக்கற தகடு) தூக்கி வால்யூம், டோன் பாட்டோட (நாபுக்கு அடியில சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற பாகம்) முதுகுல இருக்கற நம்பரைப் பாருங்க. உதாரணத்துக்கு 1376633-னு இருந்தா 137-ங்கறது சிடிஎஸ் கம்பெனி, 66 வருஷம், 33 அந்த வருஷத்தோட எத்தனாவது வாரம்ங்கறது. 304-ல ஆரம்பிச்சா ஸ்டாக்போல். ஆனா ஃபெண்டர் 1966-ல மொத்தமா வாங்கிப் போட்ட பாட்டையே 60-களோட கடைசி வரைக்கும் மாட்டிட்டு இருந்தாங்க, அதனால பாட் தேதின்னா "இதுக்கு முன்னாடி செஞ்சிருக்க முடியாது"ன்னு மட்டும்தான் அர்த்தம், செஞ்ச தேதியே அதுதான்னு எடுத்துக்காதீங்க. சோல்டர் பழசா மங்கலா இருக்கா, இல்ல யாரோ மேல புதுசா பளபளன்னு வச்சிருக்காங்களா, பிக்கார்டுக்கு அடியில யாராவது வேற பிக்கப் (கம்பியோட அதிர்வை மின்சாரமா மாத்தற காந்தச் சுருள்) போட குழி வெட்டியிருக்காங்களான்னு பாருங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் ஃபோட்டோ எடுத்து வைங்க.

இதுக்கப்புறம்தான் முடிவு. எல்லாமே ஒரிஜினலா இருக்குன்னா, குறிப்பா 1965 ஜனவரியில அமெரிக்க டிவி கம்பெனி சிபிஎஸ் ஃபெண்டரை வாங்கறதுக்கு முன்னாடி செஞ்சதுன்னா, தேயறதுக்குன்னே இருக்கற பாகங்களை மட்டும் கவனிங்க, மத்தது எதையும் மாத்தாதீங்க. யாரோ ஏற்கனவே பெயின்ட் அடிச்சு, பாட் மாத்தி, ட்யூனிங் கீ மாத்தின பேஸ்னா சந்தோஷப்படுங்க, ஏன்னா வாசிக்கறதுக்கு எது நல்லதோ அதை தைரியமா பண்ணலாம். என்னைக் கேட்டா வாசிக்கறவங்க தேடிப் போக வேண்டியது இந்த ரெண்டாவது வகையைத்தான், மரமும் பிக்கப்பும் பழசாவே இருக்கும், விலை மட்டும் கம்மியா இருக்கும்.

அறிகுறி: கம்பி ரொம்ப உசரத்துல இருக்கு, சேடிலை (பிரிட்ஜ் மேல கம்பி உக்கார்ற துண்டு) அடிவரைக்கும் இறக்கியும் பத்தல

பழைய பேஸ்ல அதிகமா வர்ற புகார் இதுதான், தப்பா வைத்தியம் பாக்கறதும் இதுலதான். காரணம் மூணுல ஒண்ணா இருக்கும், சில சமயம் ரெண்டு சேர்ந்து இருக்கும், அதனால அளந்து பாக்காம எதையும் திருகாதீங்க.

முதல்ல பேஸை ட்யூன்ல வச்சுக்கிட்டு, முதல் ஃப்ரெட்ல (நெக்குக்குக் குறுக்கே பதிச்ச உலோகக் கோடு) ஒரு கேப்போ (கம்பியை அழுத்திப் பிடிக்கற கிளிப்) மாட்டி, தடிமனான ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்ல அழுத்திப் பிடிச்சு, 8-ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) விட்டுப் பாருங்க. குறுக்கே 7.25 அங்குல ரேடியஸ் வளைவு இருக்கற பழைய நெக்குக்கு ஃபெண்டர் சொல்றது 0.35 மி.மீ. இதைவிட நிறைய இருந்தா நெக் முன்னாடி வளைஞ்சிருக்கு, ட்ரஸ் ராட் (நெக்கை நேரா வைக்க அதுக்குள்ள ஓடற இரும்புத் தண்டு) வேலை. இடைவெளி சரியா இருந்தும் கம்பி உசரமா இருந்தா நெக் வளையல, நெக் உக்கார்ற கோணம் தப்பு, அதுக்கு ஷிம் (நெக்குக்கு அடியில வைக்கற மெலிசான துண்டு). ரெண்டும் சரியா இருக்கு, ஆனா கம்பியை இறக்கினா 15-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல மட்டும் அடிக்குதுன்னா நெக்கோட அடிப்பாகம் மேல தூக்கிட்டு நிக்குது, அது ஃப்ரெட் வேலை. இந்த மூணையும் குழப்பிக்கிட்டு ட்ரஸ் ராடையே திருகித் திருகித்தான் நிறைய பழைய நெக் வீணாப் போயிருக்கு.

ட்ரஸ் ராட்னு முடிவாச்சுன்னா: அந்தக் காலத்து பிரிசிஷன்ல ராடை இறுக்கற நட் நெக்கோட அடியில, பாடிக்குள்ள இருக்கும், நெக்கைக் கழட்டினாதான் ஒழுங்கா எட்டும் (70-கள் நடுவுல வந்த ஜாஸ் பேஸ் சிலதுல மட்டும் தலைப்பக்கம் புல்லட் மாதிரி நட்டு இருக்கும்). ஒரு தடவைக்கு கால் சுத்து, அதுக்கு மேல வேண்டாம், மாட்டி ட்யூன் பண்ணி ஒரு ராத்திரி விட்டு மறுபடி அளங்க. கம்பி நீளம் 34 அங்குலம் இருக்கற பேஸ்ல சாதாரண 45-105 செட் (அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்குல கம்பியோட தடிமன்) போட்டாலே மொத்தமா சுமார் 75 கிலோ இழுக்கும், அம்பது அறுபது வருஷமா அதைத் தாங்கின மரம் அது, உடனே சொல்பேச்சு கேக்காது.

நட்டு இறுக்கமா நின்னுடுச்சு, ஆனா நெக் இன்னும் வளைஞ்சேதான் இருக்கு, அப்போ? பலத்தை ஏத்தாதீங்க, ராட் அறுந்தா வேலை பத்து மடங்கு ஆகும். நட்டை முழுசா கழட்டி எடுங்க, மரையைச் சுத்தம் பண்ணி துளி கிரீஸ் வைங்க, மரை முடிஞ்சு போனதாலதான் நின்னுச்சுன்னா ஒண்ணு ரெண்டு வாஷர் போட்டாலே திரும்ப இடம் கிடைச்சிடும். அதுக்கப்புறம் நெக்கை கிளாம்ப் வச்சு லேசா பின்பக்கம் வளைச்சுப் பிடிச்சுக்கிட்டு நட்டை இறுக்குங்க, வளைக்கற வேலையை கிளாம்ப் பண்ணட்டும், பிடிச்சு வைக்கறதை மட்டும் ராட் பண்ணட்டும். அதுலயும் வரலைன்னா நல்ல கிட்டார் ரிப்பேர் ஆள்கிட்ட ஹீட் பிரஸ் போடச் சொல்லலாம், அதாவது சூடு பண்ணி நேராக்கறது. சிலதுல நிக்கும், சிலதுல ஒரு வருஷத்துல திரும்ப வளைஞ்சிடும், இதை முன்னாடியே சொல்ற ஆள்கிட்ட குடுங்க.

ராட் நிஜமாவே அறுந்திருந்தா நெக்கோட பின்னாடி பாருங்க. நடுவுல கருப்பா நீளமா ஒரு மரப்பட்டை ஓடுச்சுன்னா ராட் பின்பக்கமா போட்டது, அந்தப் பட்டையை எடுத்து புது ராட் போட முடியும். 1959-ல இருந்து வந்த ரோஸ்வுட் போர்டு நெக்குல அந்தப் பட்டை இருக்காது, ராட் முன்பக்கமா போட்டு மேல ஃபிங்கர்போர்டை (ஃப்ரெட் பதிச்ச பலகை) ஒட்டியிருப்பாங்க, அப்போ போர்டையே பிரிச்சு எடுக்கணும். பெரிய வேலை, ஆனா ஒரிஜினல் நெக்குன்னா பண்ணலாம்.

ரிக்கன்பேக்கர் 4001 வச்சிருக்கறவங்க இங்க ரொம்ப ஜாக்கிரதை. அதுல ரெண்டு ராட், பழைய ரக ராட்ல நட்டைத் திருகி நெக்கை நேராக்கவே கூடாது, கையால நெக்கை வளைச்சுப் பிடிச்சுட்டுதான் நட்டை இறுக்கணும், இல்லைன்னா ஃபிங்கர்போர்டு பிச்சுக்கிட்டு மேல வந்துடும்.

ஷிம் போடணும்னு வந்தா, நெக் பாக்கெட்ல ஏற்கனவே ஃபேக்டரியில வச்ச சின்னத் துண்டு இருக்கலாம், அதை தூக்கிப் போடாதீங்க, எடுத்து பத்திரமா வைங்க. பின் ஓரத்துல மட்டும் அட்டைத் துண்டு வச்சா நடுவுல காத்து இடைவெளி நிக்கும், அதனால பாக்கெட் நீளம் முழுக்க வர்ற, ஒரு பக்கம் மெலிசா ஒரு பக்கம் தடிமனா இழைச்ச மேப்பிள் ஷிம்தான் நல்லது. மரத்தைத் தொடாத வேலை, எப்ப வேணா எடுத்துடலாம். கிப்சன் ஈபி-0, ஈபி-3ல நெக் ஒட்டினது, ஷிம்முக்கு வழியே இல்ல, கோணம் தப்புன்னா நெக்கைப் பிரிச்சுத் திரும்ப ஒட்டணும், அதை வீட்ல பண்ணாதீங்க.

இன்னொண்ணும் சொல்லணும். உசரமான கம்பின்னாலே கோளாறுன்னு நினைக்க வேண்டியதில்ல. டெட்ராய்ட்ல மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனி பாட்டுக்கெல்லாம் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சனோட 1962 பிரிசிஷன்ல தடிமனான லா பெல்லா ஃபிளாட்வூண்ட் (மேல தட்டையான பட்டை சுத்தின) கம்பி, மாத்தவே மாட்டார், ஆக்ஷனும் (ஃப்ரெட்டுக்கு மேல கம்பி நிக்கற உசரம்) உசரமாதான் இருக்கும். அந்த மாதிரி கனமான அடிச்சத்தம்தான் வேணும்னா 12-ஆவது ஃப்ரெட்ல 3 மி.மீ. இருந்தா இருந்துட்டுப் போகட்டும், கைக்கு வலிக்காதவரைக்கும் அதை நோயா பாக்காதீங்க.

அறிகுறி: சில ஃப்ரெட்ல மட்டும் கரகரன்னு அடிக்குது

மூணு ஃப்ரெட் மேல சின்ன இரும்பு ஸ்கேல் ஒண்ணை வச்சு ஆட்டிப் பாருங்க, ஆடுச்சுன்னா நடுவுல இருக்கறது உசரம். அந்த ஃப்ரெட்டை விரலால அழுத்தினா கீழ போகுதா? அப்போ அது தேஞ்சது கிடையாது, பள்ளத்துல இருந்து மேல வந்திருக்கு, அழுத்தி உக்கார வச்சு ஓரத்துல துளி சூப்பர் க்ளூ விட்டா போதும், இதுக்குப் போய் எல்லா ஃப்ரெட்டையும் அராவினா இருக்கற உசரமும் போயிடும்.

நிஜமாவே தேஞ்சிருந்தா மிச்சம் எவ்ளோன்னு அளங்க. பழைய ஃப்ரெட் புதுசா இருக்கும்போதே சுமார் 1 மி.மீ. உசரம்தான். பள்ளம் போற அளவுக்கு அராவினதுக்கப்புறம் 0.6-க்கு மேல நிக்கும்னா லெவல் பண்ணி முனை வளைவு குடுங்க. நிக்காதுன்னா புது ஃப்ரெட் போடுங்க, "ஒரிஜினல் ஃப்ரெட் போயிடுமே"ன்னு தயங்கவே வேண்டாம், ஃப்ரெட்டுங்கறது வண்டி டயர் மாதிரி, ஓடினா தேயும், தேஞ்சா மாத்தணும். நல்ல ஆள் நல்லபடியா மாத்தின ஃப்ரெட்டுக்காக பேஸை வேண்டாம்னு சொல்ற வாசிப்பாளரை நான் பார்த்ததில்ல.

ஆனா யார்கிட்ட குடுக்கறீங்களோ அவங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க: பழைய ஃபெண்டர் ஃப்ரெட்டை எப்படி எடுப்பீங்க? அந்தக் காலத்துல ஃப்ரெட்டை மேல இருந்து அடிக்கல, பக்கவாட்டுல சொருகினாங்க. அதனால மேலே நேரா பிடுங்கினா ஃபிங்கர்போர்டு மரம் சில்லு சில்லா பேந்து வரும். சூடு காட்டி, பக்கவாட்டுலயே நகர்த்தி எடுக்கணும். இது தெரிஞ்சவர்னா நம்பிக் குடுங்க. மேப்பிள் ஃபிங்கர்போர்டா இருந்தா மேல லாக்கர் பூச்சு இருக்கும், அது உடையாம எப்படி எடுப்பீங்கன்னும் கேட்டுக்கோங்க.

போர்டையும் கொஞ்சம் இழைச்சு நேராக்கலாம்னு அவர் சொன்னா வருஷத்தைச் சொல்லுங்க. 1962 நடுவுல வரைக்கும் தடிமனான ரோஸ்வுட் பலகை, அதுக்கப்புறம் வளைச்சு ஒட்டின மெலிசான ரோஸ்வுட். மெலிசான போர்டுல இழைக்க இடமே இல்ல. அங்க ஃப்ரெட்டோட உசரத்தை வச்சுதான் சமன் பண்ணணும்.

அறிகுறி: சத்தம் வரல, இல்ல ஒல்லியா வருது, இல்ல ரெண்டு கம்பி மட்டும் செத்துப் போச்சு

பிக்கப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி கேபிளை பேஸ்ல சொருகி, எல்லா நாபையும் முழுசா திறந்து, கேபிளோட மறுமுனையில மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு அளங்க. 60-கள் பிரிசிஷன்ல 10, 11 கிலோ ஓம் பக்கம் காட்டணும். தாமிரக் கம்பி சூட்டுக்கு ரெசிஸ்டன்ஸ் ஏறும், 10 டிகிரிக்கு சுமார் 4 சதவீதம், அதனால வெளிநாட்டுக்காரங்க குளிர்ல அளந்து எழுதின நம்பரைவிட நம்ம ஊர் மே மாசத்துல கொஞ்சம் கூட காட்டும், அது கோளாறு இல்ல. ஜாஸ் பேஸ்ல ரெண்டு வால்யூமும் திறந்திருந்தா 3.5, 4 பக்கம்தான் வரும், ரெண்டு பிக்கப் பேரலல்ல இருக்கு, பயப்படாதீங்க, ஒரு வால்யூமை மூடிட்டு ஒவ்வொண்ணா அளங்க.

பிரிசிஷன்ல மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாத்தாலே நோய் பிடிபட்டுடும், ஏன்னா 1957-ல இருந்து அந்த பிக்கப் ரெண்டு துண்டு, ஈ-ஏ கம்பிக்கு ஒண்ணு, டி-ஜி கம்பிக்கு ஒண்ணு, ரெண்டும் சீரிஸ்ல. 250 கிலோ ஓம் பக்கம் காட்டுச்சுன்னா காயில் எங்கயோ அறுந்திருக்கு, மீட்டர் பாக்கறது வால்யூம் பாட்டை மட்டும்தான். அப்போ நாலு கம்பியுமே தகரச் சத்தமா ஒல்லியா வரும், இல்ல வரவே வராது. 5 கிலோ ஓம் பக்கம் காட்டி, ரெண்டு கம்பி நல்லா வந்து ரெண்டு கம்பி மட்டும் அமுங்கிப் போயிருந்தா அந்த ரெண்டு கம்பிக்கு உண்டான காயில் ஷார்ட். பூஜ்யம்னா ஜாக்லயோ ஒயர்லயோ ஷார்ட், பிக்கப்பை சந்தேகப்படாதீங்க. அளவு சரியாவே இருக்கு, ஆனா சத்தம் கம்மின்னா பிக்கப்புக்கு அடியில இருக்கற ஸ்பாஞ்ச் மக்கிப்போய் பிக்கப் கீழ இறங்கியிருக்கும், புது ஃபோம் ஒரு துண்டு வைங்க, முடிஞ்சது.

காயில் அறுந்திருந்தாலும் உடனே புது பிக்கப் ஆர்டர் போடாதீங்க. பிக்கப்போட அடியில ரெண்டு சின்ன ஐலெட் இருக்கும், முடியளவு மெலிசான கம்பி அங்கதான் வந்து சேரும், அங்கதான் பெரும்பாலும் விடும். ஐலெட்டை ஒரு வினாடி சூடாக்கி சோல்டரை உருக விட்டு திரும்ப அளங்க. அதுலயும் வரலைன்னா ரீவைண்ட், அதாவது காயிலைப் புதுசா சுத்தறது. பழைய ஃபெண்டர் பிக்கப்ல கம்பியை நேரா காந்தத்து மேலயே சுத்தியிருப்பாங்க, காந்தம் வேர்வையிலயும் ஈரத்துலயும் துருப்பிடிச்சு உள்ள இருந்து கம்பியை அரிக்கும், அதனால காந்தத்தைத் தட்டி உள்ள தள்ளவோ வெளிய இழுக்கவோ கூடாது, நல்ல காயிலும் அறுந்துடும். ரீவைண்ட் பண்றவர் அதே பழைய பாபின், அதே காந்தம் வச்சு, துருவைச் சுத்தம் பண்ணி சீல் பண்ணிட்டு, 42 கேஜ் கம்பியில சுத்தணும். ஒரு காயில்தான் போச்சுன்னா அது ஒண்ணை மட்டும் சுத்தச் சொல்லுங்க, நல்லா இருக்கறதைத் தொட வேண்டாம்.

அறிகுறி: கரகரப்பு, உம்முன்னு இரைச்சல்

நாபைத் திருப்பும்போது மட்டும் கரகரப்புன்னா பாட்ல அழுக்கு, கான்டாக்ட் கிளீனர் அடிச்சு இருபது முப்பது தடவை திருப்புங்க. அந்த பாட்டோட முதுகுல இருக்கற நம்பர்தான் பேஸோட ஜாதகம், தூக்கிப் போட்டுடாதீங்க. டோன்ல இருக்கற 0.05 இல்ல 0.1 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர் வேலை செஞ்சா அப்படியே விடுங்க, அதை மாத்தினா சத்தம் சொர்க்கமாகும்னு விக்கறவங்க சொல்றதை நான் நம்பறதில்ல.

கம்பியைத் தொட்டா இரைச்சல் மாறவே இல்ல, ஜாக்கோட உலோகத்தைத் தொட்டா குறையுதுன்னா பிரிட்ஜுக்குப் போற கிரவுண்ட் போச்சு. 60-கள் பேஸ்ல அது சிலதுல ஒயராவும், சிலதுல பிரிட்ஜுக்கு அடியில மெல்லிய உலோகப் பட்டையாவும் இருக்கும், பச்சை பிடிச்சு தொடர்பு விட்டிருக்கும். பிரிட்ஜைத் தூக்கி, ரெண்டையும் லேசா தேச்சு, திரும்ப மாட்டுங்க. தொட்டா இரைச்சல் கூடுச்சுன்னா யாரோ ஜாக்ல ஒயரை மாத்தி சோல்டர் பண்ணியிருக்காங்க.

அறிகுறி: ஜி கம்பியில 5, 6, 7-ஆவது ஃப்ரெட் பக்கம் ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் செத்துப் போகுது

இது ரிப்பேர் பண்ற விஷயமே இல்ல. போல்ட் போட்ட நெக்கோட சொந்த அதிர்வு அந்த சுரத்தோட சக்தியை உறிஞ்சிக்குது, புது ஃபெண்டர்லயும் இருக்கும். தலைப்பக்கம் ஒரு சின்ன கிளாம்ப் மாட்டிப் பாருங்க, செத்த இடம் ஒரு ஃப்ரெட் நகரும், அதுவே நிரூபணம். இதுக்காக ஃப்ரெட் மாத்தறது, நெக் மாத்தறது எல்லாம் காசைக் கரைக்கறது. வேற தடிமன் கம்பி போட்டுப் பாருங்க, இல்ல அந்த சுரத்தை டி கம்பியில வாசிங்க.

அறிகுறி: கம்பி ஓரத்துல இருந்து வழுக்கி விழுது, ட்யூன் நிக்கல

நெக் பக்கவாட்டுல நகர்ந்திருக்கு. நெக்கைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூவைக் கால் சுத்து லூஸ் பண்ணி, கம்பி இழுவையோடயே நெக்கை நடுவுக்கு இழுத்து, திரும்ப இறுக்குங்க. ஸ்க்ரூ பிடிக்காம சும்மா சுத்துச்சுன்னா நெக்ல ஓட்டை தேஞ்சிருக்கு, மேப்பிள் குச்சியை ஒட்டி அடைச்சு புதுசா ஓட்டை போடணும், தீக்குச்சி வச்சு அடைக்காதீங்க. 3 போல்ட் போட்ட 70-கள் ஜாஸ் பேஸ்ல இது சீக்கிரம் வரும், ஆனா அதுக்காக நாலாவது போல்ட்டுக்கு ஓட்டை போட வேண்டியதில்ல, பாக்கெட் சுத்தமா இருந்து ஸ்க்ரூ நல்லா பிடிச்சா 3 போதும். ட்யூனிங் கீ ஆடுச்சுன்னா ஸ்க்ரூவை இறுக்கி பல்லுக்கு எண்ணெய் விடுங்க, அப்பவும் வழுக்கினா அதே ஓட்டையில உக்கார்ற மாதிரி கீ தேடுங்க, பெரிய ஓட்டை குடையற கீ வேண்டவே வேண்டாம். துருப்பிடிச்ச சேடில் ஸ்க்ரூவுக்கு துரு எண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஊற வைங்க, அவசரப்பட்டுத் திருகினா முனை மழுங்கிடும்.

அறிகுறி: பாக்கவே பரிதாபமா இருக்கு

பெயின்ட் உரிஞ்சிருக்கு, வெடிப்பு ஓடியிருக்கு, கை பட்ட இடத்துல மரம் தெரியுது. இது நோய் கிடையாது, கையை வைக்காதீங்க. ஒரிஜினல் பெயின்ட்டை எடுத்துட்டு புதுசு அடிச்சா விலை பாதிக்குப் பாதி விழும்னு வியாபாரிகள் சாதாரணமா சொல்வாங்க, அதைவிட முக்கியம், போன பெயின்ட் திரும்ப வராது. ஈரத்துணியில துடைச்சு, பழைய கை அழுக்கை எடுத்து, அதோட நிறுத்துங்க. யாரோ ஏற்கனவே மட்டமா பெயின்ட் அடிச்ச பேஸ்னா அது வேற கதை, உங்களுக்குப் பிடிச்ச கலர்ல அடிச்சுக்கோங்க. நடுவுல வேற பிக்கப்புக்காக குழி வெட்டியிருந்தா, பிக்கார்டு மூடற இடம்னா அப்படியே விடலாம், வெளிய தெரியற இடம்னா அதே ஜாதி மரத்துண்டை இழை பார்த்து ஒட்டி அடைக்கணும்.

அறிகுறி: நெக் முறுக்கிட்டுப் போச்சு, எதுவும் எடுபடல

தலைப்பக்கம் இருந்து நெக் நெடுக்கப் பாருங்க, ஈ பக்கமும் ஜி பக்கமும் வேற வேற மாதிரி வளைஞ்சிருந்தா அது முறுக்கு, ட்ரஸ் ராட் அதை எடுக்காது. கொஞ்சம்னா ஃப்ரெட் போடும்போது சமன் பண்ணலாம், நிறையன்னா அந்த நெக்ல காசு போடறதை நிறுத்துங்க. அதே நேரம், உடைஞ்சது எல்லாத்தையும் கை விட்டுடாதீங்க, பேர் பெற்ற பேஸ் வாசிப்பாளர் ஜாக்கோ பாஸ்டோரியஸோட 1962 ஜாஸ் பேஸ் 80-கள்ல துண்டு துண்டா உடைஞ்சு, அந்தத் துண்டுகளையே சேர்த்து ஒட்டி திரும்ப எழுப்பினதுதான். உடைஞ்ச மரம் ஒட்டும், முறுக்கின மரம்தான் திரும்பாது.

முறுக்கின நெக்குக்கு பதிலா, பாக்கெட்டைச் செதுக்காம அப்படியே உக்கார்ற, 34 அங்குல அளவுல புது நெக் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, பழைய ஸ்க்ரூ ஓட்டைக்குப் பொருந்தற மாதிரி ஓட்டையை புது நெக்ல போடுங்க, பாடியில போடாதீங்க. பழைய நெக்கை எறியாதீங்க, கம்பி இல்லாம, ட்ரஸ் ராடை லூஸ் பண்ணி, சமமா படுக்க வச்சு, கழட்டின பாட், ஷிம், ஸ்க்ரூ எல்லாத்தையும் பேர் எழுதின கவர்ல போட்டு கேஸ்லயே வைங்க, விக்கறப்போ வாங்கறவங்க அதையும் சேர்த்துதான் கேப்பாங்க. 60-கள் நடுவுக்கு முந்தின நெக்ல பிரேசில் ரோஸ்வுட் இருக்க வாய்ப்பு நிறைய, 1992-ல இருந்து அந்த மரம் சைட்டீஸ் (அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியல்ல இருக்கு, அதனால நெக்கையோ பேஸையோ வேற நாட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி காகிதம் கண்டிப்பா வாங்கணும், இல்லைன்னா கஸ்டம்ஸ்ல நிறுத்திடுவாங்க.